அத்தை கதை சொன்ன இங்கிலீஷ் படம்

பழைய இங்கிலீஷ் ஆட்டப் படங்கள் என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம். கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் போட்ட ஆண்கள், ஒரு சுற்றுச் சுற்றினால் பூப்போல விரிகிற பாவாடை கட்டிய பெண்கள், எங்கே போய் முடிகிறது என்றே தெரியாத மாடிப்படிகள். பேசிக்கொண்டிருக்கிறவர்கள் திடீரென்று பாடத் தொடங்கி, பாடிக்கொண்டே ஆடவும் தொடங்கிவிடுவார்கள். எங்கள் தாத்தா சின்னப் பையனாக இருந்த காலத்தில் அமெரிக்காவில் எடுத்த படங்கள் அவை. கேகாலையில் நான் வேலை செய்கிற அலுவலகத்தில் பகல் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்ப்பேன். பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்பாள்.

என்ன இருக்கிறது என்று சொல்ல எனக்கு நிறைய உண்டு. நம்முடைய படத்தில் ஒரு வரிக்கு மலை, அடுத்த வரிக்குக் கடற்கரை, அதற்கடுத்த வரிக்கு வேறு சேலை. இந்தப் படங்களில் கேமராக்காரர் மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வார். ஆடுகிறவரின் தலையும் தெரியும், காலும் தெரியும். நடுவில் வெட்டு விழாது. சறுக்கினால் நமக்குத் தெரிந்துவிடும். ஆனால் சறுக்க மாட்டார்கள். மூச்சு வாங்குவதைக்கூடச் சிரிப்புக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது ஒன்று இருக்கிறது. ஒருவன் அறையின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்குச் சும்மா நடந்து போவான். பாதி வழியில் பார்த்தால் அது ஆட்டமாகியிருக்கும். எந்த அடியில் நடை முடிந்தது, எந்த அடியில் ஆட்டம் தொடங்கியது என்று எத்தனை முறை திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் சொல்ல முடியாது.

இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்தது அத்தை, அப்பாவின் அக்கா.

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில்தான் நாங்கள் இருந்தோம். அத்தை சின்ன வயதிலேயே கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனவள். அந்த வீட்டில் வெள்ளைக்கார வம்சத்தில் வந்த ஒரு வயதான பறங்கி நோனா தனியாக இருந்தார். அவருக்குப் பொழுதுபோக்கு இந்தப் படங்கள்தான். பகல் சாப்பாடு முடிந்ததும் நோனா நாற்காலியில் சாய்ந்துகொள்ள, அத்தை கீழே உட்கார்ந்து அவருடைய கால்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே பார்ப்பாளாம். பிறகு நோனா மகனோடு இருக்க ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். போகும்போது, "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் தையல் மெஷினைக் கேட்டிருப்பார்கள். அத்தை டிவியையும் டெக்கையும் ஒரு பெட்டி நிறையப் படக் கேசட்டுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய எங்கள் லய வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

வந்த மாதமே தோட்டத்தில் பேர் பதிந்து பால் வெட்டப் போனாள். காலையில் மழை பெய்தால் ரப்பர் மரத்தில் வெட்டு இல்லை; பாலெல்லாம் மழைத் தண்ணீரோடு போய்விடும். அதனால் மழை நாள் எங்களுக்குப் பட நாள். பள்ளிக்கூடம் இல்லாத மழை நாளென்றால் இன்னும் நல்லது. அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருப்பாள், அப்பா கங்காணியோடு பேசப் போயிருப்பார், நானும் அத்தையும் டிவிக்கு முன்னால் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவோம். எனக்கு இங்கிலீஷ் ஒரு சொல்லும் விளங்காது. "இவன் என்னா சொல்றான் அத்தே?" என்று கேட்டால் அவள் கதை சொல்ல மாட்டாள்.

"கதை எதுக்கு? காலப் பாரு."

நான் காலைப் பார்த்தேன். அப்படிப் பார்த்துத்தான் பழகினேன்.

அத்தைக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. அத்தை என்றால் இப்படித்தான் டெக்கோடும் கேசட்டோடும் எங்கள் வீட்டில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் அப்பாவும் ஒரே வீட்டில் இருந்தும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்பதும் எனக்கு விசேஷமாகப் படவில்லை. தேத்தண்ணியை அம்மாதான் இரண்டு பேருக்கும் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

அம்மன் கோயில் திருவிழா வந்தது. கரகம், காவடி எல்லாம் முடிந்த மறுநாள் பகல், பிள்ளைக் காம்பராவில் படம் போடுவதென்று கோயில் தலைவர் ஏற்பாடு செய்திருந்தார். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற அந்தக் கட்டடம்தான் எங்கள் தோட்டத்தில் பெரிய இடம். டிவியும் டெக்கும் அத்தையுடையவை. படம் யட்டியாந்தோட்டைக் கடையில் வாடகைக்கு எடுத்த புதுத் தமிழ்ப் படம். மேல் டிவிஷனிலிருந்துகூட ஆட்கள் மழையில் நனைந்துகொண்டு இறங்கி வந்திருந்தார்கள். தொட்டில்களை எல்லாம் ஓரமாகக் கட்டிவிட்டு, பெண்கள் தரையிலும் ஆண்கள் சுவரோரமாகவும் நெருங்கி உட்கார்ந்தோம். தலைவர் தேங்காய் உடைத்து, டிவிக்குச் சூடம் காட்டினார்.

படம் வரவில்லை. கோடு கோடாக வந்தது. அப்புறம் பனி கொட்டியது. அத்தை கேசட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பூஞ்சணம் புடிச்சிருக்கு. இதப் போட்டா என் டெக் செத்துப் போயிரும்."

எங்கள் பக்கத்து மழைக்கு எதுவும் தப்பாது. செருப்பு, சேலை, கேசட் எல்லாவற்றிலும் வெள்ளை பூத்துவிடும். அதைத் தலைவர் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்பதாக இல்லை. மேல் டிவிஷன் ஆட்கள் சத்தம் போட்டார்கள், பிள்ளைகள் அழுதன, இளவட்டங்கள் விசிலடித்தார்கள். தலைவரின் முகம் வேர்த்துவிட்டது. அப்போது அத்தை என்னைக் கூப்பிட்டு, வீட்டுக்கு ஓடிப்போய்ப் பெட்டியில் மேலே இருக்கிற கேசட்டை எடுத்து வரச் சொன்னாள். எடுத்து வந்தேன். அட்டையில் மஞ்சள் கவுன் போட்ட ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இங்கிலீஷ் படமா? எங்களுக்கு என்னா வெளங்கும்?" என்று ஒரு கிழவர் எழுந்தார்.

"ஒக்காருங்க மாமா. நான் சொல்றேன்" என்றாள் அத்தை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன், எனக்குச் சொல்லாத கதையை ஊருக்கே சொல்லப் போகிறாள்!

பிள்ளைகளுக்குப் பாடம் காட்டுகிற குச்சியை எடுத்துக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் நின்றாள். மஞ்சள் கவுன் பெண் ஒரு பெரிய மாளிகை வாசலில் பெட்டியோடு வந்து நின்றாள். "இந்தப் புள்ள மலையிலருந்து டவுனுக்கு வேலைக்கு வந்திருக்கு. அப்பா இல்ல. ஒரு தம்பி மட்டுந்தான்" என்றாள் அத்தை. கழுத்தில் நரித்தோலைச் சுற்றிய ஒரு கிழவி வந்தார். "இது நோனா. கொஞ்சம் கத்தும். ஆனா நல்ல மனுசி." கறுப்புக் கோட்டுப் போட்ட நாயகன் வாசல் தூணில் சாய்ந்து நின்றான். "இவரு பேக்கரியில வேல செய்றவரு. காலையில பாண் கொண்டாந்து குடுப்பாரு."

"பாண் விக்கிறவனுக்கு எதுக்குக் கோட்டு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழம" என்றாள் அத்தை.

எல்லோரும் சிரித்தார்கள். பாண் ரொட்டியைக் காணோமே என்று மட்டும் ஒருவர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் நாயகன் ஒரு பெரிய சமையலறைக்குள் நுழைந்தான். அடுப்புகள், தொங்கும் சட்டிகள், மாவு பிசைகிற பலகை. "பாத்தீங்களா, பேக்கரி" என்று அத்தை குச்சியால் தட்டிக் காட்டினாள். அதற்கு மேல் சந்தேகப்பட ஆளில்லை.

ஆட்டம் வந்தபோது மட்டும் அவள் பேசவில்லை. இரண்டு பேரும் மாடிப்படியில் ஆளுக்கொரு பக்கமாக இறங்கி வந்து, கீழே சேர்ந்து, ஒருவர் காலடியை மற்றவர் காலடி கேட்டுப் பதில் சொல்வதுபோல ஆடினார்கள். யாரோ கதை கேட்டார்கள். "ஆடுறப்ப கதை சொல்லக் கூடாது. பாருங்க" என்றாள். பார்த்தார்கள். நாள் முழுக்கக் காலில் நிற்கிற ஆட்கள், அந்தக் கால்களைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் மேல் டிவிஷன் இளவட்டங்களே கை தட்டினார்கள். எனக்கு என் சொந்தக்காரர்கள் ஆடியதுபோலப் பெருமையாக இருந்தது.

பிறகு குண்டாக, மீசை வைத்த ஒருவர் அடிக்கடி ஓடி வர ஆரம்பித்தார். கையில் எப்போதும் ஒரு கோட்டு. அவர் வந்தாலே நாயகி ஒளிந்துகொள்வாள், நாயகன் ஜன்னல் வழியாகக் குதிப்பான். "இதுதான் அந்தத் தம்பி. கல்யாணத்துக்குச் சம்மதிக்க மாட்டேங்கிறான்" என்றாள் அத்தை. அந்த ஆளின் நடையைப் பார்த்துக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தேன். சுவரோரமாக நின்ற அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"ஏன் வேணாங்கிறான்? மாப்பிள நல்ல பயலாத்தானே இருக்கான்?" என்று கேட்டது அந்தக் கிழவர்தான்.

"மாப்பிள வேற பாஷை" என்றாள் அத்தை.

"என்னா புள்ள சொல்ற? எல்லாரும் இங்கிலீஷ்தானே பேசுறாங்க?"

அத்தை குச்சியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"இங்கிலீசுலயும் ரெண்டு மூணு பாஷை இருக்கு மாமா."

இதற்குச் சிரிப்பு வரவில்லை. முன்வரிசையில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா என் தலையில் கை வைத்து, தேவையில்லாமல் பின்னலை அவிழ்த்துப் பின்ன ஆரம்பித்தாள்.

அத்தை நிறுத்தவில்லை. அவளுடைய குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது. அந்தப் பெண்ணும் பேக்கரிக்காரரும் ஒரு நாள் அவிசாவளை பஸ் ஸ்டாண்டில் சந்தித்து, அங்கிருந்து அவருடைய ஊருக்குப் போவதாகப் பேசிக்கொண்டார்களாம். விஷயம் தம்பிக்கு எட்டி, அவன் டவுனுக்கே வந்து, "நம்ம சனத்துக்கு நான் என்னா பதில் சொல்றது?" என்று கேட்டானாம். அப்பா இல்லாத வீட்டில் தம்பி சொல்லைத் தட்ட அந்தப் பெண்ணுக்கு மனசு வரவில்லை. பேக்கரிக்காரர் காலையிலிருந்து பஸ் ஸ்டாண்டிலேயே நின்றாராம். டிவியில் அந்த நேரம் நாயகி ஒரு மெத்தையில் குப்புறப் படுத்து அழுதுகொண்டிருந்தாள். நாயகன் ஆளில்லாத சமையலறையில் சட்டிகளுக்கு நடுவே தனியாக ஆடினான். ஒரு கரண்டியைத் தட்டி, அந்தத் தாளத்தைக் காலால் வாங்கி, பிறகு கரண்டியையும் கீழே வைத்துவிட்டு, வெறும் காலடிச் சத்தத்தோடு. வெளியே தகரத்தில் மழை. உள்ளே ஒரு குழந்தைகூட அழவில்லை.

நான் மறுபடி திரும்பிப் பார்த்தபோது அப்பாவின் இடம் காலியாக இருந்தது.

கடைசியில் எல்லோரும் மாடிப்படி நிறைய நின்று ஆடினார்கள். குண்டு மீசைக்காரர் ஓடி வந்து, கையிலிருந்த கோட்டை நாயகனுக்குப் போட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டார். முன்வரிசைப் பெண் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "தம்பி ஒத்துக்கிட்டானா?"

"தெரியல" என்றாள் அத்தை. "ஆடுறாங்க, பாருங்க."

வளர்ந்து, இங்கிலீஷ் படித்து, அந்தப் படத்தை ஃபோனில் தேடிக் கண்டுபிடித்து, கீழே எழுத்தோடு பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அது மாளிகை இல்லை, ஹோட்டல். மஞ்சள் கவுன் பெண் வேலைக்காரி இல்லை, பணக்கார வீட்டுப் பெண். நாயகனைத் திருடன் என்று தவறாக நினைத்துவிடுகிறாள், அவ்வளவுதான் கதை. பேக்கரி இல்லை. பஸ் ஸ்டாண்ட் இல்லை. குண்டு மீசைக்காரர் யாருக்கும் தம்பி இல்லை. அவர் ஒரு தையற்காரர். அளவு மாறிப்போன கோட்டை மாற்றிக் கொடுக்கத்தான் பாவம் படம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தார். அத்தைக்கும் இங்கிலீஷ் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நோனாவும் அவளுக்குக் கதை சொன்னதில்லை போலிருக்கிறது. அவளும் காலைத்தான் பார்த்திருக்கிறாள். மீதி இடத்தில் தன்னுடையதை வைத்துக்கொண்டாள்.

சின்ன வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. கதை நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்தப் படம் போட்டாலும் கதையும் வேண்டும் என்று அடம் பிடித்தேன். அத்தையும் சொன்னாள். மஞ்சள் கவுன் படத்தைப் போட்டால் பேக்கரிக்காரர் கதையையே ஒரு சொல் மாறாமல் சொன்னாள்.

திருவிழாவுக்குப் பிறகு அப்பா ஒரு வாரம்போல யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு பகல், அத்தை அடுப்படியில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் தோலை வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து கதவு நிலையில் கை வைத்து நின்றார். உள்ளே வரவில்லை.

"அக்கா."

அத்தை நிமிர்ந்தாள்.

"அந்தப் படத்துல... கடைசில அந்தத் தம்பி என்னா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல" என்றாள் அத்தை. "கோட்டக் கொண்டாந்து போட்டு விட்டான்."

அப்பா நிலையிலிருந்து கையை எடுத்தார். "அந்த ஆளு இப்ப எங்க?" என்று கேட்டார். நான் படத்தில் வருகிறவரைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, அமெரிக்காவில் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தை, கிழங்கைப் பார்த்துக்கொண்டே, "எஹலியகொடயில. சொந்தமா பேக்கரி வச்சிருக்காருன்னு கேள்வி. கட்டிக்கல" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸுக்குப் போனார். நானும் வருகிறேன் என்று அழுதேன். கூட்டிப் போகவில்லை. அன்றைக்கு வெட்டு இல்லாத நாள். ஆனால் அத்தை படம் போடவில்லை. வீட்டைக் கூட்டினாள், கூட்டிய வீட்டை மறுபடி கூட்டினாள்.

பின்னேரம் அப்பா திரும்பி வந்தபோது அவரோடு ஒரே குடையில் இன்னொருவர் வந்தார். குட்டையான மனிதர், முன்தலை வழுக்கை, கையில் நனையாமல் பிடித்த பேப்பர்ப் பொதி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்து, பொதியிலிருந்து சீனி தூவிய, முதலைபோல நீண்ட ஒரு கிம்புலா பனிஸை எடுத்து நீட்டினார். அப்பாவும் அவரும் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். அவர் அப்பாவைத் தம்பி என்பதற்குச் சிங்களத்தில் சொல்கிறபடி "மல்லி, மல்லி" என்று கூப்பிட்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே தேத்தண்ணி ஊற்றினாள். "மாமான்னு கூப்புடு" என்று என் காதில் சொன்னாள். அதில் எனக்குச் சிரமம் இல்லை. பனிஸ் நன்றாக இருந்தது. ஒரே ஒரு மனக்குறை, மாமா நேராகப் போய் டிவிக்கு முன்னால் என் சாக்கில் உட்கார்ந்துவிட்டார்.

அத்தை உள்ளேயிருந்து வந்தாள். அவரைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பால் டிவிக் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு மஞ்சள் கவுன் படத்தைப் போட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் நுழைந்து உட்கார்ந்துகொண்டேன்.

மஞ்சள் கவுன் பெண் வாசலில் வந்து நின்றாள். அத்தை வாயைத் திறக்கவில்லை. நரித்தோல் கிழவி வந்தார், கறுப்புக் கோட்டுக்காரன் வந்தான், சமையலறை வந்தது. அத்தை ஒன்றுமே சொல்லவில்லை. மாமா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் புரியாமல் உட்கார்ந்திருக்கிற அந்த மனிதரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அத்தையின் கையைச் சுரண்டினேன்.

"அத்தே, கதையச் சொல்லுங்க. மாமாவுக்கு வெளங்காதுல்ல."

அத்தை டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அவருக்குத் தெரியும்."

நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் இன்றைக்குத்தான் முதல் தடவையாக எங்கள் லயத்துக்கு வருகிறார். அந்தக் கேசட்டோ தோட்டத்துக்கு வந்த பிறகு தோட்டத்தை விட்டு வெளியே எங்கும் போனதில்லை. வந்து இன்னும் அரைப் படம்கூட ஆகவில்லை. பார்க்காத படத்தின் கதை ஒரு மனிதருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று, விரலில் ஒட்டிய சீனியை நக்கிக்கொண்டு, படம் முடியும் வரை யோசித்துக்கொண்டேயிருந்தேன்.